வருகிற கடிதம் வருகிறது, போகிற கடிதம் ஏன் போகவில்லை?



நோன்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்த ஒரு நாள். மஃரிப் தொழுதுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ராத்தா ஒருவர் மடிக்கணனியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மருதமுனையில் எத்தனையோ வீடுகளைப் போல அவர் வீட்டிலும் தறிச்சத்தம் கேட்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து வாரிக்கொண்டு போன தறிகளுக்குப் பதிலாக ஒவ்வொன்றாக மீண்டும் போட்டு, இன்று நாலு தறிகளோடு சாரன் நெய்து கொடுக்கிறார். நூல் சுற்ற, பாவு பிடிக்க என்று ஏழெட்டுப் பெண்கள் அவரை நம்பி இருக்கிறார்கள்.

"தங்கச்சி, எனக்கு வாற கடிதமெல்லாம் வருகுது. நான் போடுறதுதான் மூணு நாளாப் போகுதில்ல. என்னெண்டு ஒருக்காப் பாரு" என்றார்.

கொழும்பு புறக்கோட்டையில் உள்ள ஒரு கடை அறுபது சாரனுக்கு விலை கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ராத்தா அன்றே விலையும் நிறங்களின் படங்களும் வைத்துப் பதில் எழுதினார். அந்தப் பதில் கணனியைவிட்டு வெளியே போகவே இல்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை. மூன்றாம் நாள் கடைக்காரரிடமிருந்து, "பதில் இல்லையே, விருப்பமில்லையா?" என்று இன்னொரு கடிதம் வந்து சேர்ந்தபோதுதான் விளங்கியது. அந்தக் கடிதம் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்ததே, அதுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

இப்போது எல்லாம் வட்ஸ்அப்பில்தானே நடக்கிறது, இதென்ன பழைய கதை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தூதரகத்துக்கும் வங்கிக்கும், கொழும்புக் கம்பனிகளுக்கும், பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும், கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் கணவரின் வேலைப் பத்திரங்களுக்கும் இன்னும் மின்னஞ்சல்தான் கேட்கிறார்கள். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

இரண்டும் ஒரே பாதை அல்ல

முதலில் ஒரு விடயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நமக்கு வரும் மின்னஞ்சலும் நாம் அனுப்பும் மின்னஞ்சலும் ஒரே வழியால் போய் வருவதில்லை. தபாற்காரர் கடிதத்தை நமது வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார். நாம் அனுப்புவதென்றால் தபாற்கந்தோருக்குப் போய், முத்திரை ஒட்டி, அங்கே இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். தபாற்காரர் தினமும் வருகிறார் என்பதற்காகக் கந்தோர் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? மின்னஞ்சலிலும் அப்படித்தான். உள்வருவதற்கு ஒரு சேவர், வெளிச்செல்வதற்கு இன்னொரு சேவர். இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு, தனித்தனி வாசல் எண். "எனக்கு மெயில் வருகிறதே, பிறகெப்படி என் இன்டர்நெட்டில் பிழை இருக்கும்?" என்று கேட்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

வெளிச்செல்லும் கடிதத்தைக் கொண்டு செல்லும் முறைக்கு எஸ்.எம்.ரி.பி. என்று பெயர். 1982இல் ஜோன் போஸ்டல் என்ற அமெரிக்கர் அதை எழுதி வெளியிட்டார். ஒருவரை ஒருவர் அறிந்த சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் மட்டும் கடிதம் பரிமாறிய காலம் அது. ஆகவே "கடிதம் தருகிற நீ யார்?" என்று கேட்கும் ஏற்பாடே அதில் இருக்கவில்லை. எவர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்! நமது நாட்டில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தார் மின்னஞ்சலைத் தொடங்கியது 1990ஆம் ஆண்டளவில். காசு கொடுத்து யாரும் இணைய இணைப்பு எடுக்கலாம் என்ற நிலை 1995இல் வந்தது. அந்த ஆண்டுகளில்தான் உலகமெங்கும் விளம்பரக்காரர்களும் ஏமாற்றுக்காரர்களும் இந்தத் திறந்த வாசலைக் கண்டுபிடித்து, பிறருடைய சேவர்களின் வழியாக இலட்சக்கணக்கான குப்பைக் கடிதங்களைக் கொட்டத் தொடங்கினார்கள். குப்பைக் கடிதம் என்ற பழக்கம் இன்னும் பழையது. 1978இலேயே ஒரு கணனிக் கம்பனிக்காரர் நானூறு பேருக்கு ஒரேயடியாக விளம்பரம் அனுப்பித் திட்டு வாங்கியிருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் பூட்டுகள் வந்தன. 1998இல், கடிதம் கொடுக்க வருபவர்களுக்கென்று 587 என்ற தனி வாசல் வகுக்கப்பட்டது. 1999இல், பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஆளை அடையாளம் கண்ட பின்பே கடிதத்தை ஏற்கும் முறை வந்தது. இணைய சேவை தரும் கம்பனிகள் தமது சொந்த இணைப்பிலிருந்து வருபவர்களை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டன. வெளியிலிருந்து வருபவர்களைத் தடுத்தன. பழைய 25ஆம் எண் வாசலைப் பல கம்பனிகள் வீட்டுப் பாவனையாளர்களுக்கு அடைத்தேவிட்டன.

இது நமக்குப் புதிய விடயமா என்ன? நபி (ஸல்) அவர்கள் ஹுதைபிய்யாவுக்குப் பிறகு ரோமாபுரி மன்னருக்கும் பாரசீக மன்னருக்கும் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதன்மேல் அவர்கள் பெயர் பொறித்த வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து முத்திரையிட்டார்கள் என்பதை ஹதீஸில் படித்திருக்கிறோம். இன்றைய சேவரும் முத்திரையைத்தான் கேட்கிறது.

ராத்தாவின் கதை

ராத்தாவின் முகவரி, வீட்டுத் தொலைபேசி இணைப்போடு இணையக் கம்பனி கொடுத்த முகவரி. பல வருடங்களுக்கு முன் அவருடைய காக்கா கணனியில் ஏற்றிக் கொடுத்தது. அட்டையிலும் பையிலும் அச்சடித்தது. வீட்டு இணைப்பு வேலை செய்தவரை அந்த முகவரி அழகாக வேலை செய்தது. மழையில் வயர் அறுந்து இணைப்பு நின்றது. மகன் தன் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக் கொடுத்தான். அந்த சிம் வேறொரு கம்பனியுடையது. அங்கேதான் முடிச்சு!

உள்வரும் சேவருக்குக் கடவுச்சொல் ஏற்கனவே பதிந்திருந்ததால் எங்கிருந்து கேட்டாலும் கடிதங்களைத் தந்தது. வெளிச்செல்லும் சேவரோ, "நீ நமது லைனில் இல்லை, அடையாளமும் காட்டவில்லை, உன் கடிதத்தை ஏற்கமாட்டேன்" என்று 550 என்ற எண்ணோடு மறுத்துக்கொண்டே இருந்தது. கடிதம் அவுட்பொக்ஸ் என்ற அறையில் குந்திக்கொண்டிருந்தது. திரையில் அந்த அறிவிப்பு ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்ததால் ராத்தா அதை வாசிக்காமலே மூடியிருக்கிறார். கணவர்மார் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, "ஊரில் இருந்தபோது அனுப்பினேன், கட்டாருக்கு வந்ததும் போகவில்லை" என்று அவர்கள் சொன்னாலும் பெரும்பாலும் காரணம் இதுவாகவே இருக்கும்.

என்னிடம் வருவதற்கு முன் ராத்தா மடிக்கணனியைக் கம்யூனிகேஷன் கடையொன்றில் கொடுத்திருந்தார். அங்கிருந்த பையன் கடவுச்சொல்லைக் கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்கினான். "எக்கவுண்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரி வரும்" என்று அழித்தான். கடிதங்களையும் சேர்த்து அழிக்கவா என்று கணனி கேட்டதற்கும் ஆம் என்றான். பொப் என்ற முறையில் போடப்பட்ட கணக்கு அது. அந்த முறையில், சேவரில் ஒரு பிரதியை வைக்கும்படி நாம் சொல்லாவிட்டால், கடிதங்கள் கணனிக்கு இறங்கியதும் சேவரிலிருந்து நீங்கிவிடும். ஆகவே அவுட்பொக்ஸில் இருந்த பதிலும் போயிற்று. பத்து வருட வாடிக்கையாளர்களின் கடிதங்களும் போயின. பிழையோ அப்படியே இருந்தது, ஏனென்றால் அவன் அதே பழைய அமைப்பைத்தான் திரும்பவும் போட்டான்.

எனக்கு அந்தப் பையன்மேல் கோபமில்லை. நமது பெண்கள்மேல்தான் கொஞ்சம் கோபம். வீட்டுத் திறப்பை வழியில் போகிறவனிடம் கொடுப்போமா? அந்தத் துண்டில் இருந்தது வெறும் எட்டெழுத்து அல்ல. விலைப் பட்டியல், அடையாள அட்டைப் பிரதி, மகளின் புகைப்படம், வங்கிக் கடிதம் எல்லாவற்றுக்குமான திறப்பு அது. உதவி கேட்பது தவறில்லை. கேட்டால் பக்கத்தில் இருந்து, கடவுச்சொல்லை நீங்களே அடியுங்கள். துண்டில் எழுதிக் கொடுத்தாயிற்று என்றால் இன்றே மாற்றுங்கள்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

அனுப்பிய கடிதம் கிடைக்கவில்லை என்றால் உடனே எதையும் அழிக்கவோ மாற்றவோ வேண்டாம். கடிதம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். அவுட்பொக்ஸில் இருந்தால் அது இன்னும் வீட்டைவிட்டே புறப்படவில்லை. அனுப்பியவை என்ற பகுதியில் இருந்து, சற்று நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு மறுப்புக் கடிதம் திரும்பி வந்தால், புறப்பட்டு வழியில் தடுக்கப்பட்டிருக்கிறது. அனுப்பியவையில் இருக்கிறது, மறுப்பும் வரவில்லை என்றால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்து, அவருடைய குப்பைப் பெட்டியில் கிடக்கிறது. போன் போட்டு அங்கே பார்க்கச் சொல்லுங்கள்.

மறுப்புக் கடிதத்தை வாசிக்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அதிலுள்ள மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சேவர் பிறகு வரச் சொல்கிறது. நீங்கள் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தால் தானாகவே மீண்டும் முயற்சி நடக்கும். 5இல் தொடங்கினால் முடிவான மறுப்பு, எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். 535 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 552 என்றால் இடம் போதவில்லை, அல்லது கடிதம் அளவுக்கு மிஞ்சிய பாரம். 550க்குப் பல முகங்கள் உண்டு. அப்படி ஒரு முகவரியே இல்லை என்றும் இருக்கலாம், ராத்தாவுக்கு வந்ததுபோல அடையாளம் காட்டாத குற்றமும் ஆகலாம். முகவரியை ஓர் எழுத்து விடாமல் பாருங்கள். "டொட் கொம்" என்பதில் கடைசி எழுத்து மாறி "டொட் கொன்" ஆகியிருப்பதை நான் எத்தனை தடவை கண்டிருக்கிறேன்!

அவுட்பொக்ஸில் நின்றால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. குரோம் போன்ற உலாவியைத் திறந்து, இணையக் கம்பனியின் வெப்மெயில் பக்கத்துக்குப் போய், அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அங்கிருந்து உங்களுக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். அங்கிருந்து போகிறது என்றால் உங்கள் கணக்கில் பிழை இல்லை, போனிலோ கணனியிலோ உள்ள அமைப்பில்தான் பிழை. அவசரக் கடிதத்தையும் அங்கிருந்தே அனுப்பிவிட்டு ஆறுதலாகத் திருத்தலாம். அங்கிருந்தும் போகவில்லை என்றால் அமைப்பைத் தொடவே வேண்டாம், கம்பனியோடுதான் கதைக்க வேண்டும்.

அமைப்பில் பிழை என்று தெரிந்தால், அண்ட்ரொயிட் போனின் ஜீமெயில் செயலியில் அந்தக் கணக்கின் செட்டிங்ஸுக்குள் "அவுட்கோயிங் செட்டிங்ஸ்" என்று ஓர் இடம் இருக்கும். கணனியிலும் இதேபோல வெளிச்செல்லும் சேவர் என்று தனியாக இருக்கும். அங்கே சேவரின் பெயர் கம்பனி சொன்னபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, சைன்-இன் தேவை என்ற இடம் தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இந்தச் சின்னப் பெட்டியில்தான். பயனர் பெயராகப் பல இடங்களில் முழு முகவரியையும் போட வேண்டும். வாசல் எண் 25 என்று இருந்தால் 587 ஆக்கி, பாதுகாப்பில் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். தெரிவு செய்யுங்கள், கம்பனி 465 என்று சொல்லியிருந்தால் எஸ்.எஸ்.எல். அல்லது டி.எல்.எஸ். மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைக்க மறக்க வேண்டாம். இன்னொன்று, போன் விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும், சொல்லின் முடிவில் ஓர் இடைவெளியும் விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிக்காக ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்தவள் நான்.

பழைய கணனி வைத்திருப்பவர்கள் திகதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறிய பட்டரி செத்துப்போனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். சேவரின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் பிறக்கவில்லை" என்று கணனி நினைத்துக்கொண்டு இணைய மறுக்கும்.

ஜீமெயில் முகவரியைப் பழைய மென்பொருளில் பாவிப்பவர்களுக்கு வேறு காரணம் உண்டு. வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழையும் பழைய மென்பொருள்களைக் கூகிள் 2022 மே 30 முதல் தடுக்கத் தொடங்கியது. இரட்டைச் சரிபார்ப்பை ஏற்படுத்தி, அதற்கென்று அவர்கள் தரும் பதினாறு எழுத்துக் கடவுச்சொல்லைப் போட வேண்டும், அல்லது புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். அதோடு கூகிள் தரும் 15 ஜி.பி. இலவச இடம் படங்களாலும் வீடியோக்களாலும் நிரம்பி அப்படியே விட்டாலும் அனுப்புவது நின்றுவிடும். கல்யாண வீட்டு வீடியோவுக்கும் மெயிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே அலுமாரிதான்.

படங்களின் பாரமும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜீமெயிலில் ஒரு கடிதம் 25 எம்.பி. வரைதான். இணையக் கம்பனிகள் பலவற்றில் இதைவிடக் குறைவு. இணைப்பை அனுப்பும்போது அதை எழுத்துகளாக மாற்றிக் கட்டுவதால் பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். 18 எம்.பி. படங்கள் போகும்போது 24 ஆகிவிடும். சாரன் படங்களைச் சிறிதாக்கி, நாலைந்தாகப் பிரித்து அனுப்புவதே நல்லது.

கடைசியாக, பயப்பட வேண்டிய ஒன்று. நீங்கள் அனுப்பாத கடிதங்களுக்கு மறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தால், உங்கள் திறப்பு வேறொருவர் கையில் இருக்கக்கூடும். அந்தக் குப்பை உண்மையிலேயே உங்கள் கணக்கிலிருந்து போகிறதென்று கண்டால் கம்பனி நீங்கள் அனுப்புவதை மட்டும் நிறுத்திவைக்கும், வருவது வந்துகொண்டே இருக்கும். அப்போது முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. பிறகுதான் கம்பனிக்குப் போன். போன் போடும்போது "மெயில் போகுதில்ல" என்று மட்டும் சொன்னால், "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்ற பதில்தான் கிடைக்கும். எந்த எண் வந்தது, எத்தனை மணிக்கு, எந்த இணைப்பிலிருந்து, வெப்மெயிலில் போனதா என்ற நாலையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கதையுங்கள். அவர்கள் நம்மை நடத்தும் விதமே மாறும்.

அன்றிரவு ராத்தாவை என் பக்கத்தில் உட்காரவைத்து அவர் கையாலேயே செய்யச் சொன்னேன். சைன்-இன் பெட்டியைத் தெரிவு செய்தார், 25ஐ 587 ஆக்கினார், முழு முகவரியை எழுதினார், புதிய கடவுச்சொல்லை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவரே அடித்தார். அதே ஹொட்ஸ்பொட்டில் கடிதம் போனது. சில கம்பனிகள் அடையாளம் காட்டினாலும் வெளி இணைப்பிலிருந்து ஏற்பதில்லை, அப்படியானால் வெப்மெயிலைத் தவிர வழியில்லை. ராத்தாவுக்கு அல்ஹம்துலில்லாஹ் அந்தத் தடை இருக்கவில்லை.

ஆனால் மூன்று நாள் பிந்திவிட்டது. கடைக்காரர் நாற்பதை வேறிடத்தில் கொடுத்துவிட்டிருந்தார். இருபது சாரன் மட்டும் கிடைத்தது. ஒரு தறிக்கு அந்த மாதம் வேலையில்லை. அதில் நெய்த பெண்ணுக்கு நோன்புச் செலவுக்கு ராத்தா முன்பணம் கொடுத்தார்.

கம்பனி கொடுத்த முகவரி வாடகை வீடு போன்றது, இணைப்பை நிறுத்தினால் முகவரியும் போய்விடும் என்பது என் அபிப்பிராயம். அதையும் சொன்னேன். இணைப்போடு சம்பந்தமில்லாத ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, பழையதுக்கு வரும் கடிதங்கள் புதியதுக்கும் வரும்படி ஏற்பாடு செய்தார். வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக அறிவித்துக்கொண்டிருக்கிறார். பழைய முகவரி அச்சடித்த பைகள் முந்நூறுக்கு மேல் மிச்சம். அவற்றை வீசுவதற்கு அவருக்கு மனமில்லை. பின்னேரங்களில் நூல் சுற்றும் பெண்களும் மகளுமாக இருந்து ஒவ்வொரு பையிலும் பழைய முகவரியைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புதியதைப் பேனையால் எழுதுகிறார்கள்.